மேலகரத்தில் ஒரு வயர் கூடை

சீசன் களைகட்டிவிட்டால் குற்றாலம் மெயின் அருவிக்குப் போகிற வழியெல்லாம் கடைதான். நேந்திரங்காய் சிப்ஸ், மங்குஸ்தான், மரச் சொப்பு, பத்தமடைப் பாய், இவற்றுக்கு நடுவே கொத்துக்கொத்தாக வயர் கூடைகள். அதில் சிலவற்றைப் பின்னுகிறவரைத் தேடி மேலகரம் போனேன். பாளையங்கோட்டை மத்திய சிறையில் ஆயுள் கைதியாக இருந்து முன்விடுதலையில் வந்தவர். பெயர் போட வேண்டாம் என்றார். அண்ணாச்சி என்றே எழுதுகிறேன்.

திண்ணையில் சம்மணம் போட்டு, வயர்க் கட்டைப் பிரித்து முழம் போட்டு வெட்டினார். நாலு நுனியையும் ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து இழுத்ததும் முடிச்சு சதுரமாக உட்கார்ந்தது. அடி முடிந்து பக்கவாட்டில் ஏறும்போது சிவன் கண் டிசைன். "இறுக்கிட்டா வயர் வெளுத்துரும் தம்பி. விட்டுட்டா கூடை ஒருச்சாஞ்சிரும்" என்றார். ஆள்காட்டி விரல் ஓரத்தில் தோல் காய்த்து மஞ்சளாகியிருந்தது.

சிறையில் பகலில் தறியில் நின்றது கூலிக்கு. அந்த வேலை பிடிக்கவும் இல்லையாம். கூடை கற்றது அங்கே நடந்த ஒரு பயிற்சி வகுப்பில். முதல் கூடையை விற்கவில்லை. மனு போட்டுப் பார்க்க வந்த மகளுக்குக் கொடுத்தார், புத்தகம் வைத்துக்கொள்ள. சிறைக் கலை என்று நாம் கொண்டாடுவதில் பாதி, இப்படி யாருக்கோ கொடுக்க எதுவும் இல்லாதவர் கையில் பிறந்தது என்று தோன்றுகிறது.

தமிழக மத்திய சிறைகளில் செய்யும் துணி, காலணி, ரொட்டி எல்லாம் 'ஃப்ரீடம்' என்ற பெயரில் சிறை அங்காடிகளில் விற்கின்றன. நல்ல ஏற்பாடுதான், ஆனால் பொருளில் செய்தவர் பெயர் இருக்காது. காந்தி தென்னாப்பிரிக்கச் சிறையில் தைத்த செருப்பை 1914ல் அங்கே அமைச்சராக இருந்த ஜெனரல் ஸ்மட்ஸுக்குப் பரிசளித்தார். ஸ்மட்ஸ் 1939ல் அதைத் திருப்பி அனுப்பிய கதை வரை உலகத்துக்குத் தெரியும். விக்டோரியா ராணிக்காக ஆக்ரா சிறையில் நெய்த பிரம்மாண்டமான கம்பளம் இன்னும் வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. நெய்தவர்கள் யாரென்று யாருக்குத் தெரியும்?

கூலி விஷயத்துக்கும் சட்டம் தாமதமாகத்தான் வந்தது. கடுங்காவல் கைதிக்கும் நியாயமான கூலி தர வேண்டும், அதில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998ல் சொன்னது. அந்தப் பிடித்தம் பற்றிக் கேட்டேன். "அவங்களுக்குப் போவுதுன்னா போவட்டும். அதுல எனக்கு வருத்தமில்ல" என்றவர் வேறெதுவும் பேசவில்லை. நானும் துருவவில்லை.

குற்றாலத்துக் கடைக்காரர்களிடம் எங்கே கற்றேன் என்று சொல்வதில்லையாம். சொன்னால் ஒருவர் பாவப்பட்டு வாங்குவார், இன்னொருவர் கூடையைக் கீழே வைத்துவிடுவார். "ரெண்டும் வேண்டாம்."

சீசன் போனால் கைகொடுப்பது கல்யாண ஆர்டர். தாம்பூலப் பைக்குப் பதிலாகச் சின்ன வயர் கூடை கொடுப்பது இப்போது தென்காசிப் பக்கம் பரவியிருக்கிறது. ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு வீட்டில் அரக்கும் பச்சையும் கேட்டிருக்கிறார்கள். வயர் வாங்க முன்பணம் கேட்டிருக்கிறார். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைக் கை காட்டுகிறார்களாம்.