பேற்றறையில் ஒரு துணை

பேறுகாலத்தின் உடலியலை மருத்துவரிடமும் அதன் சடங்குகளை மானிடவியலாளரிடமும் பிரித்துக் கொடுத்துவிடுவது நம் வழக்கம். உத்தரப் பிரதேசச் சிற்றூர்களில் பேறுகால வழக்கங்களை ஆய்ந்துவரும் எனக்கு, இந்தப் பிரிவினை நாளுக்கு நாள் பொருளற்றதாகத் தோன்றுகிறது.

கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசினை மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி விட்டுவிட்டு வெளியிடுகிறது. குழந்தையின் தலை கருப்பைவாயை அழுத்த அழுத்தச் சுரப்பு கூடும். சுரப்பு கூடக்கூட அழுத்தமும் கூடும். பேறு முடியும்வரை ஓயாத சுழற்சி இது. ஆனால் அச்சம் மிகுந்தால் அட்ரினலின் பெருகி, சுருக்கங்கள் தளரக்கூடும். வீட்டில் சீராக வந்த வலி மருத்துவமனை வாசலில் நின்றுபோவதைச் செவிலியர் பலர் கண்டிருப்பர்.

இனி வழக்கத்துக்கு வருவோம். வலி நீடித்துப் பேறு தாமதமானால், அவ்வூர்ப் பெண்கள் பெட்டிகளின் பூட்டைத் திறப்பர், முடிச்சுகளைத் தளர்த்துவர், அவள் பின்னலை அவிழ்த்துவிடுவர். பூட்டைத் திறப்பதால் கருப்பைவாய் திறந்துவிடாதுதான். ஆயினும் மாமியார் கூந்தலை அவிழ்க்க, மருத்துவச்சி முதுகை நீவிவிட, தன்பொருட்டு ஒரு வீடே இளகுவதை அவள் காண்கிறாள். அச்சம் தணிய அதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த வீட்டைப் பொன்னுலகாக்கிக் காட்டவும் நான் விரும்பவில்லை. கொப்பூழ்க்கொடி அறுப்பது தீட்டென்று கருதப்பட்டதால்தான் அவ்வேலை பெரும்பாலும் தலித் பெண்களின் தலையில் சுமத்தப்பட்டது. உதிரப்போக்கு மிகுந்தால் அங்கே மருந்தில்லை. முறையான பயிற்சியில்லாதவர்கள் வீட்டுக்கே வந்து அளவின்றி ஆக்சிடோசின் ஊசி போட்டதும் உண்டு. கருப்பையைக் கிழிக்கவும் குழந்தையை மூச்சுத்திணற வைக்கவும் வல்லது அது.

ஆகவே 2005இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா யோஜனா போன்ற திட்டங்களின் பயனைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மருத்துவமனைப் பேறுகள் 2005-06இல் 38.7 விழுக்காடு, 2019-21இல் 88.6 விழுக்காடு. பேறுகால இறப்பும் பெரிதும் குறைந்திருக்கிறது. ஆனால் பெண் மருத்துவமனைக்குள் நுழைந்தபோது அவளுடைய துணை வாசலிலேயே நின்றுவிட்டது. நான் உரையாடிய தாய்மார் பலர் வலியை விரித்துரைப்பதில்லை. மல்லாந்து கிடந்ததையும், கத்தாதே என்று அதட்டப்பட்டதையும், பற்றிக்கொள்ள ஒரு கை இல்லாததையுமே சொல்கிறார்கள்.

பேற்றின்போது தொடர்ந்து துணையிருப்பவர் உண்டானால் இயல்பான பேறு கூடுகிறது, அறுவை குறைகிறது, வலிநேரமும் சற்றுச் சுருங்குகிறது. 15,000க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய ஆய்வுகளைத் தொகுத்து, 2017இல் காக்ரேன் மதிப்பாய்வு கண்ட முடிவு இது. அதற்கு முன்னரே, 2016இல், பொது மருத்துவமனைகளில் பெண் துணை ஒருவர் உடனிருக்க நடுவண் சுகாதார அமைச்சகம் இசைவளித்துவிட்டது.

இசைவு இருந்தும் நடைமுறை ஏன் தயங்குகிறது? நான் கண்ட பேற்றறைகளில் விடை எளியது: படுக்கைகளுக்கிடையே மறைப்பில்லை. ஒருத்தியின் துணை உள்ளே வந்தால் மற்றொருத்தியின் மானம் வெளிப்பட்டுவிடும். செவிலியர் மறுப்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆக, நாம் கேட்க வேண்டியது பெரிய கருவியன்று. படுக்கைக்கொரு திரையும், அதனருகே ஒரு முக்காலியும். துணையைச் சலுகையாகக் கருதும்வரை அவை வாங்கப்படா. சிகிச்சையின் பகுதியென்று கருதினால் மருந்துப் பட்டியலோடு அவையும் வந்துசேரும்.