இரண்டு மோட்டார்க் கார்களும் ஓர் ஊரும்

கொழும்பு – புத்தளம் பெருவீதியிலே பாலாவிச் சந்தியில் மேற்கே திரும்புவோர்க்குக் கற்பிட்டித் தீபகற்பம் தன் இயல்பை விரைவிலேயே காட்டிவிடுகின்றது. ஒருபுறத்தே புத்தளம் கடனீரேரி. மறுபுறத்தே மணற்றரையும் அதற்கப்பாற் பெருங்கடலும். இடையிலே கிணற்று நீரை இறைத்து வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கும் தோட்டங்கள். நுரைச்சோலையில் 900 மெகாவாற் ஆற்றலுள்ள அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி நெடுந்தூரத்திலிருந்தே தெரியும். வைகாசி முதற் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குக் காற்று கடலின் உப்பையும் கரையின் மணலையும் ஒருங்கே அள்ளிவந்து, கதவுப் பிணைச்சல், வேலிக் கம்பி, தையல் இயந்திரம், சைக்கிள் என இரும்பாற் செய்த யாவற்றின் மீதும் படியவிடுகின்றது. இரும்பை நம்பி வாழ்வோர்க்கு இது நல்ல நிலமன்று.

இத்தகைய நிலத்திலேதான், கற்பிட்டி வீதியோரத்துச் சிற்றூர் ஒன்றிற் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், தம்மிடமிருந்த ரொயோற்றா கொறோலாக் காரைக் கொடுத்து, 1964 ஆம் ஆண்டின் போர்ட் கோர்ட்டினா ஜீ.ரீ. காரொன்றைப் பெறலாமா என்று 2025 இல் மூன்று மாத காலம் எண்ணிக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்திரண்டு. சிக்கனமானவர் என்றும், எதையும் எழுதிக் கணித்தே செய்பவர் என்றும் ஊரிற் பெயரெடுத்தவர். அத்தகையவர் இவ்வாறு தடுமாறியமையே பலருக்கு வியப்பாயிற்று.

‘மசில் கார்’ என அமெரிக்கர் வழங்கும் கார்வகை ஒன்றுண்டு. சொல்லுக்குச் சொல் தமிழாக்கித் ‘தசை வண்டி’ என்றால் இறைச்சிக்கடை நினைவே எழும். ஆதலின் பெயர் அவ்வாறே இருக்கட்டும். குடும்பத்தினர் செல்வதற்கென அமைந்த நடுத்தரக் காரினுள்ளே பெருங்காருக்குரிய எஞ்சினைப் பொருத்தி, விலையை இளைஞரின் கைக்கெட்டும் அளவில் வைத்தமையே இவ்வகையின் சூத்திரம். 1964 ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ. இதன் முன்னோடியாகக் கொள்ளப்படுகின்றது. அதன் எஞ்சின் எட்டு உருளைகளும் ஏறத்தாழ 6.4 லீற்றர் கொள்ளளவும் உடையது. அதே 1964 இன் ஏப்பிரலிலே போர்ட் மஸ்ராங் நியூயோர்க் உலகப் பொருட்காட்சியில் மக்கள் முன் வைக்கப்பட்டது. பத்தாண்டு கழியுமுன்னரே காப்புறுதிக் கட்டணமும் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் அந்த ஆட்டத்தை அடக்கத் தொடங்கின. 1973 இன் எண்ணெய்த் தடை அதனை ஏறக்குறைய முடித்துவைத்தது.

இலங்கைக்கு அவ்வகைக் கார்கள் பெருமளவில் வந்ததில்லை. மஸ்ராங் கார் 2015 ஆம் ஆண்டு மாதிரி வரும்வரை அமெரிக்கத் தொழிற்சாலையில் வலப்பக்கச் சுக்கானுடன் அமைக்கப்படவில்லை. அன்றியும், 1960களின் தொடக்கத்திலேயே அந்நியச் செலாவணி நெருக்கடியால் இந்நாட்டிற் கார் இறக்குமதி இறுகக் கட்டப்பட்டுவிட்டது. 1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்கு முன்னர் ஒரு குடும்பத்திடம் மொறிஸ் மைனரோ ஒஸ்ரினோ இருந்தால், அதனைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்துத் தந்தை மகனுக்குக் கையளிப்பதே வழக்கமாயிருந்தது. ஆயினும் மோகம் இறக்குமதி அனுமதிக்குக் காத்திருப்பதில்லை. அமெரிக்காவில் ஜீ.ரீ.ஓ. பெற்ற இடத்தை இத்தீவில் அதனினும் எளிய சில கார்கள் பெற்றன. கோர்ட்டினா ஜீ.ரீ. அவற்றுள் ஒன்று. சாதாரணக் குடும்பக் காருக்கு இரட்டைத் தொண்டையுள்ள வெபர் காபரேற்றரைப் பூட்டி வலுவூட்டியது அது. 1964 இல் கிழக்காபிரிக்கச் சபாரி ஓட்டப் போட்டியில் வென்றதும் இந்தக் காரே. சேறும் புழுதியும் நிறைந்த ஆபிரிக்கப் பாதைகளில் வென்ற வண்டி கற்பிட்டி மணலையும் வெல்லும் என ஆசிரியர் தமக்குத் தாமே கூறிக்கொண்டார். போட்டிக்குச் சென்ற காரைப் போட்டி முடியும்வரை பேணுவதற்கு ஒரு தொழிற்சாலை பின்னே நின்றது என்பதை அவர் அப்போது நினைந்திலர்.

கணித ஆசிரியராதலின் ஒரு கொப்பியில் நடுவே கோடிட்டு இரு கார்களையும் எதிரெதிரே எழுதினார். எழுதத் தொடங்கிய அன்றே ஒரு வேடிக்கை புலனாயிற்று. கொறோலாவின் எஞ்சின் கொள்ளளவு 1498 கன சென்ரிமீற்றர். கோர்ட்டினாவினதும் 1498. பல்லாண்டு இடைவெளியில், இருவேறு கண்டங்களில், ஒருவரையொருவர் அறியாத பொறியியலாளர் வரைந்த இரண்டு எஞ்சின்கள் கொள்ளளவில் ஒத்திருந்தன. ஆனால், வலுவில் ஒத்திருக்கவில்லை. பெயர்பெற்ற கோர்ட்டினா ஜீ.ரீ. தருவது ஏறத்தாழ 78 குதிரைவலு. வீட்டு வாசலில் வேப்பஞ்சருகு மூடிக் கிடந்த கொறோலா தருவது ஏறத்தாழ 100.

இவ்விடத்திலேயே கணக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வலுவை நாடியே அவர் அந்தக் காரை விரும்பினார் என்றால் விடை வாசலிலேயே நின்றது. அவர் விரும்பியது வேறொன்று என்பது தெளிவு. கொறோலாவில் எரிபொருளை அளந்து ஊட்டுவதும் பொறியின் நேரத்தைச் சீர்செய்வதும் மறைந்திருக்கும் மின்னணுக் கருவிகளே; ஓட்டுநர் சாவியைத் திருப்பினாற் போதும். கோர்ட்டினாவோ காலையில் எவ்வளவு சோக் இழுக்க வேண்டும், மேட்டில் எப்போது கியரைத் தாழ்த்த வேண்டும் என்பவற்றைத் தன்னை ஓட்டுபவனிடமே கேட்கும். இருபத்தைந்து ஆண்டுகளாக ஒரே பாடத்திட்டத்தை ஒரே மணியடிப்புக்குக் கற்பித்து வந்த ஒருவருக்கு, தமது திறமையை வேண்டிநிற்கும் ஒரு பொருளின்மீது வேட்கை பிறந்ததிற் குற்றம் காண்பதற்கில்லை.

கொப்பியின் எஞ்சிய வரிகள் கோர்ட்டினாவுக்குச் சாதகமாயில்லை. பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் ஈயம் கலந்த பெற்றோலை எண்ணி அமைக்கப்பட்டவை. எரியும் ஈயம் இருக்கையின் மீது மெல்லிய படலமாய்ப் படிந்து தேய்வைத் தடுக்கும். இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் இத்தகைய எஞ்சின் வேகமாக ஓடுந்தோறும் வால்வுகள் வார்ப்பிரும்பினுள் மெல்ல அமிழும். தலையைக் கழற்றிக் கடினமான உலோக வளையங்களைப் பதித்தாலன்றித் தீர்வில்லை. இதனைச் செய்யும் லேத் பட்டறைகள் உள. உப்புக்குத்தான் பட்டறை இல்லை. கோர்ட்டினாவுக்குத் தனியான சட்டகம் கிடையாது. தகட்டு உடலே சட்டகமுமாகும். கதவுகளின் கீழேயுள்ள உட்கூடான பகுதிகளில் மணலும் ஈரமும் தங்கினால் வெளியே பூச்சு மினுங்க உள்ளே துரு தின்னும். முன்சில்லுகளைத் தாங்கும் தம்பங்களின் மேல்முனை பொருந்தும் இடமே அக்கார்களில் முதலில் உக்குவதாக அறிந்தோர் கூறுவர். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்வதால், மழை பெய்யாத நாளிலும் அந்தத் தகடு காய்வதில்லை. மலைநாட்டில் நாற்பது ஆண்டு நிற்கும் உடல் இக்கரையில் எத்தனை ஆண்டு நிற்கும் என்ற கேள்விக்குக் கொப்பியில் அவர் விடை எழுதவில்லை. கோடு மட்டும் இட்டிருந்தார்.

பணக்கணக்கு ஒருவாறு சமனாயிருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ருவரியிலேதான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்தாண்டிற் பழைய கொறோலாக்களின் விலை, வாங்கியவர்களே நம்பாத உயரத்துக்கு ஏறிவிட்டது. கதவு திறந்த பின்னரும் வரிகள் மிகையாதலின் அது ஒரேயடியாக இறங்கவில்லை. ஆகவே காருக்குக் கார், கைக்காசு வேண்டாம் என்பதே பேச்சு.

கோர்ட்டினாவின் உரிமையாளர் மாரவிலப் பகுதியிற் சிறு தென்னந்தோட்டம் ஒன்றை உடைய முதியவர். ஒரு ஞாயிறு அவர் அந்தக் காரிலேயே ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். ஆசிரியரின் தந்தை, எண்பத்தைந்து வயதினர், திண்ணையிலிருந்து இறங்கிவந்து காரின் முகப்பையோ சக்கரங்களையோ பாராமல் இலக்கத்தகட்டை நெடுநேரம் பார்த்துநின்றார். நடுவே சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து. 1957 இல் அவ்வெழுத்து வாகனத் தகடுகளில் வந்ததும், தமிழ்ப் பகுதிகளில் அதனை எதிர்த்து இயக்கம் எழுந்ததும், 1958 இன் தொடக்கத்தில் வடக்கே அனுப்பப்பட்ட பஸ்களில் அவ்வெழுத்தின்மீது தார் பூசப்பட்டதும், அதே ஏப்பிரலில் பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் கிழிக்கப்பட்டதும், மே மாதத்திற் கலவரம் மூண்டதும் வரலாறு. பிந்திய தகடுகளில் அவ்வெழுத்து இல்லை. இன்று பழைய கார் விரும்பிகள் அந்தத் தகட்டையே காரின் உண்மைத்தன்மைக்குச் சான்றாக விலைபேசுகின்றனர். “தம்பி, இந்த எழுத்துக்குத் தார் பூசினவர்களும் இருந்தார்கள், இப்போது இதற்குக் கூடக் காசு கொடுக்கிறார்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு முதியவர் திண்ணைக்குத் திரும்பினார். அவர் தடுத்தாருமல்லர், சினந்தாருமல்லர். எனினும் அக்கேள்விக்குப் பின் அந்தக் கார் அவ்வீட்டில் வெறும் கார் ஆயிருக்க முடியாது.

மனைவி கேட்டது வேறு. “இரவு இரண்டு மணிக்கு ஒரே தடவையில் ஸ்ரார்ட் ஆகுமா?”

இக்கேள்வியின் பொருள் அவ்வூரில் வாழாதவர்க்கு எளிதில் விளங்காது. அத்தெருவிற் கார் வைத்திருந்த வீடு நெடுங்காலம் அது ஒன்றே. புத்தளம் வைத்தியசாலை ஏறத்தாழ 50 கிலோமீற்றர். பிரசவ வலி கண்ட பெண்கள், தோட்டத்திற் பாம்பு தீண்டியவர்கள், மூச்சுத்திணறிய முதியவர்கள் எனப் பலர் அக்காரின் பின்னிருக்கையிற் சென்றிருக்கின்றனர். ஒரு குழந்தை பாலாவியை அடையுமுன்னரே பிறந்துவிட்டது. 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை 2016 இல் ஆரம்பித்துப் பின் நாடெங்கும் விரிந்ததன் பின்னர் இவ்விரவுப் பயணங்கள் குறைந்தன என்பது உண்மையே. குறைந்தனவேயன்றி நிற்கவில்லை, ஆபத்தில் மனிதன் தொலைபேசி எண்ணுக்கு முன்னே அறிந்த கதவையே தட்டுகின்றான். 2022 இல் எரிபொருள் கிடையாது நாடு தவித்தபோது, கியூ.ஆர். குறியீட்டு முறையின் தொடக்கத்திற் கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றரே கிடைத்தது. ஆசிரியர் அதிற் பாதியை எவரேனும் கதவைத் தட்டக்கூடும் என்று தொட்டியில் விட்டுவைத்து, பாடசாலைக்குச் சைக்கிளிற் சென்றார். அந்தப் பங்கீடு 2023 செப்டெம்பரில் முடிவுற்றது. சைக்கிள் அவரிடம் இன்னும் இருக்கின்றது.

ஆகவே அவர் மாற்ற எண்ணியது தமது உடைமையை மட்டுமா என்பதே உண்மையான வினா. சட்டப்படி அது அவருடைய கார். ஆனால், நள்ளிரவில் அது புறப்படும் என்ற நம்பிக்கை பத்துப் பதினைந்து குடும்பங்களுக்கு உரியது. அந்த நம்பிக்கையை அவர்களைக் கேளாமலே கோர்ட்டினாவுக்குப் பண்டமாற்றுச் செய்ய அவருக்கு உரிமை உண்டா? அக்காலத்துக் கோர்ட்டினாவில் மின்னாக்கி பழைய டைனமோ வகையைச் சார்ந்தது. மெல்ல ஓடும்போது அது போதிய மின்னைத் தராது. மழையிரவில் முன்விளக்கும் கண்ணாடித் துடைப்பானும் ஒருங்கே இயங்க, மணற்பாதையில் ஊர்ந்து செல்கையில் விளக்கு மங்கும். பகலிற் பொழுதுபோக்காகச் செல்பவர்க்கு இது பழைமையின் ஓர் அழகு. பின்னிருக்கையில் நோயாளி முனகும்போது அவ்வாறு எவரும் கூறமாட்டார்.

இத்தனைக்கும் பின்னர் அவர் மனம் முற்றாகத் திரும்பிற்று என்பதற்கில்லை. திருப்பியது மாரவிலை முதியவரின் ஒரு வாக்கியமே. இவ்வளவு நேர்த்தியாகப் பேணிய காரை எதற்காகக் கொடுக்கின்றீர்கள் என ஆசிரியர் வினவியபோது, அவர் தயக்கமின்றிச் சொன்னார்: “மாஸ்ரர், பிள்ளைகள் வெளிநாட்டில். போன மாதம் இரவில் மழைக்குள்ளே இரண்டு மணித்தியாலம் தெருவில் நின்றேன். எனக்கினி வழியில் நிற்காத வாகனம் ஒன்று வேண்டும்.” ஒருவர் எதனை அஞ்சிக் கைவிட முனைந்தாரோ அதனையே மற்றவர் ஆசைப்பட்டு ஏற்க முனைந்தார். கிழவரின் நேர்மை பாராட்டத்தக்கது. விற்பவர் இவ்வாறு பேசுவது அரிது.

ஆசிரியர் மறுத்துவிட்டார். இதனை அறிவின் வெற்றி எனக் கொண்டாடுவோர் அவசரப்படுகின்றனர். பல வாரம் அவர் முகத்தில் ஒரு வாட்டம் இருந்தது. பிறர்பொருட்டு நெடுங்காலம் நம்பகமானவராக இருப்பவர்க்குத் தமக்கென ஒரு விருப்பம் தோன்றுவதும் அது நிறைவேறாமற் போவதும் சிறு இழப்பல்ல. ஊர் அந்த இழப்பை அறியவுமில்லை.

கோர்ட்டினாவைக் கண்டியைச் சேர்ந்த ஒருவர் வாங்கினார். அங்கே கடற்காற்று இல்லை. கையளிப்பதற்கு முதல்நாள் முதியவர் ஆசிரியரை அழைத்து, மாரவிலையிலிருந்து சிலாபம் வரை அவரையே ஓட்டச் செய்தார். போகும்போது இரண்டாம் கியரில் எஞ்சின் ஏறும் ஒலியைக் கேட்பதற்காக இருவரும் பேசாமலே சென்றனர். சிலாபத்தில் தேநீர் அருந்தித் திரும்பினர். அடுத்த வாரம் கொறோலாவின் ரைமிங் பெல்றும் முன்சில்லு ரயர் இரண்டும் மாற்றப்பட்டன.