முந்திரிக் கணக்கு

போன வாரம் பரணை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய 80 பக்க நோட்டு கையில் அகப்பட்டது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஐந்து கட்டங்கள்: தேதி, நேரம், ‘உ’, ‘ஆ’, ‘மு’. விடுமுறைக்கு வந்திருந்த பேரன் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது எந்த ஆபீஸ் கணக்கு தாத்தா?” என்றான். “உன் ஆபீஸ் கணக்குதான்டா” என்றேன். ‘உ’ என்றால் உச்சா, ‘ஆ’ என்றால் ஆய், ‘மு’ என்றால் முந்திரி. நாலாம் வகுப்பு படிக்கும் பெரிய மனிதர் அதைக் கேட்டதும் நோட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போனார்.

அது 2019 மார்ச் மாதத்துக் கணக்கு. எங்கள் வீடு கடலூர் புதுப்பாளையத்தில். மகனும் மருமகளும் சிதம்பரத்தில், அண்ணாமலை நகர்ப் பக்கம் குடியிருந்தார்கள். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் திங்கட்கிழமை விடிந்ததும் நானும் மனைவியும் பஸ் ஏறி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று குலுங்கிக்கொண்டே சிதம்பரம் போய் இறங்குவோம். வெள்ளிக்கிழமை ராத்திரி கடலூர் திரும்புவோம். பேரனுக்கு அப்போது இரண்டரை வயது. ஜூனில் மழலையர் பள்ளியில் சேர்ப்பதற்குப் பணம் கட்டியாகிவிட்டது. அங்கே ஒரே ஒரு நிபந்தனைதான். பிள்ளை டயப்பர் இல்லாமல் வரவேண்டும்.

“அத்தை, இனிமே பாட்டி டிரெயினிங் ஆரம்பிச்சிடணும்” என்றாள் மருமகள். என் மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. “எனக்கு எதுக்கும்மா டிரெயினிங்? ரெண்டு புள்ள வளத்தவதானே நான்!” அந்தச் சின்ன பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர் என்று விளக்கிச் சொல்லிச் சமாதானம் செய்வதற்குள் காபி ஆறிப்போனது.

நம் காலத்தில் இதற்கெல்லாம் பெயரே கிடையாது. குழந்தைக்குத் தலை நின்றதும் பாட்டியோ அத்தையோ பின்கட்டில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, பாதங்களின் மேல் குழந்தையை உட்காரவைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்பார்கள். தூங்கி எழுந்ததும் ஒரு தரம், பால் குடித்த பின் ஒரு தரம். சத்தத்துக்கும் சங்கதிக்கும் குழந்தை தானாகவே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். இடுப்பில் அரைஞாண் கயிறைத் தவிர வேறு துணி இல்லாத பிள்ளைக்கு, போனால் போனது கண்ணுக்குத் தெரியும், காலில் வழியும். கழுவித் தள்ள சிமெண்டுத் தரை, வாரிப் போட முற்றத்து மண். வீட்டில் எந்நேரமும் நாலு பெண்கள். ஒன்றரை வயதில் என் பிள்ளைகள் பகலில் சொல்லிவிடுவார்கள் என்று மனைவி இன்றைக்கும் சாதிப்பாள்.

டயப்பர் போட்ட பிள்ளைக்கு இந்தப் பாடம் கிடைப்பதில்லை. உள்ளே இருக்கும் ஒரு மாவு, நீரை உறிஞ்சிப் பாகாக்கி வைத்துக்கொள்கிறது. பிள்ளைக்கு ஈரமே தெரியாது. சௌகரியம்தான், பஸ்ஸில் போக வர நாங்களும் அதைத்தான் போட்டோம். ஆனால் ஈரமே தெரியாதவனிடம் போய் ‘வந்தால் சொல்லு’ என்றால் எதைச் சொல்லுவான்?

மருமகள் செல்போனில் நிறையப் படித்து வைத்திருந்தாள். பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், தன்னிடம் வந்த 1170 பிள்ளைகளைக் கவனித்து 1962-இல் எழுதினாராம். அவசரப்படுத்தாதே, பிள்ளை தயாராகும்வரை காத்திரு என்பது அவர் கட்சி. அஸ்ரின், ஃபாக்ஸ் என்ற இருவர் நேர் எதிர்க்கட்சி. நிறையக் குடிக்கக் கொடு, அடிக்கடி உட்காரவை, சரியாகப் போனால் உடனே தின்பண்டமும் பாராட்டும் கொடு, ஒரே நாளுக்குள் முடித்துவிடலாம் என்று 1974-இல் புத்தகமே போட்டார்கள். ஜூன் மாதம் நெருங்கிக்கொண்டிருந்ததால் எங்கள் வீட்டில் எதிர்க்கட்சிதான் ஜெயித்தது. மருமகள் நட்சத்திர ஸ்டிக்கர் வாங்கினாள். நான் பண்ருட்டி முந்திரி அரைக் கிலோ வாங்கினேன். முழுப் பருப்பு இல்லை, இரண்டாகப் பிளந்த பருப்புதான். உச்சாவுக்கு ஒரு பாதி, ஆய்க்கு இரண்டு பாதி.

“இதுக்கெல்லாமா லஞ்சம்?” என்று மனைவி முணுமுணுத்தாள். நான் முசிறிக் கதையைச் சொன்னேன். திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் கட்டிய பொதுக் கழிப்பறையில், உள்ளே போய்விட்டு வருகிறவர்களுக்குத் தரம் ஒன்றுக்கு 10 பைசா கொடுத்தார்கள். 2008 வாக்கில் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. ஊரெல்லாம் கட்டணக் கழிப்பிடத்தில் நாம் காசு கொடுக்க, அங்கே அவர்கள் நமக்குக் காசு கொடுத்தார்கள். சேர்ந்ததை உரமாக்கிப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு. “வளந்த ஆம்பளைங்களுக்கே காசு கொடுத்துதான் பழக்க வேண்டியிருக்கு. இவன் குழந்தை” என்றேன். அவள் அதற்கு மேல் பேசவில்லை.

மின்வாரியக் கணக்குப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். நோட்டுப் போடாமல் இருப்பேனா? முதல் நாள் சைபர். இரண்டாம் நாள் ஒன்று. நான்காம் நாள் ஐந்து! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறாம் நாள் பதினான்கு என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது. பின்னாலேயே போய்ப் பார்த்தால், பயல் நாற்காலியில் உட்கார்ந்து நாலு சொட்டு விட்டுவிட்டு எழுந்து கையை நீட்டுகிறான். முந்திரியை மென்று விழுங்கியதும் மறுபடி போய் நாலு சொட்டு. தவணையில் கட்டுகிறவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன், இவனைப்போல் பார்த்ததில்லை.

கட்டணத்தைத் திருத்தினேன். உச்சாவுக்கு வெறும் கைதட்டல், முந்திரி இனிமேல் ஆய்க்கு மட்டும். தப்பு அங்கேதான் நடந்தது. முதலில் “முந்திரி குடு, அப்புறம் போறேன்” என்று பேரம் பேசினான். கொடுக்கவில்லை. அவனும் போகவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்றாம் நாள் கதவு இடுக்கில் நின்று முகம் சிவக்க அடக்கிக்கொண்டிருந்தான். ‘ஆ’ கட்டம் மூன்று நாளும் காலி. குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். நோட்டைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அடக்கினால் இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்தால் பயந்து இன்னும் அடக்குவான் என்று சொல்லிவிட்டு, “டயப்பரையே திரும்பப் போடுங்க. முந்திரி, ஸ்டிக்கர், கைதட்டல் எல்லாத்தையும் மூணு வாரம் மறந்துடுங்க. பழம், தண்ணி நல்லாக் குடுங்க” என்றார். இளக்கிவிட ஒரு மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

வெகுமதி சில சமயம் காலை வாரிவிடும் என்பதை அமெரிக்காவில் 1973-இலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று பின்னால் படித்தேன். படம் வரைவதில் ஆசையுள்ள குட்டிப் பிள்ளைகளிடம், வரைந்தால் பரிசுப் பத்திரம் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துச் சும்மா விட்டுப் பார்த்தால், பரிசுப் பேச்சே கேட்காத பிள்ளைகள் வரைந்ததில் பாதி நேரம்தான் இவர்கள் வரைந்தார்களாம். அது ஆசையாகச் செய்கிற காரியம், இது அப்படியில்லை. ஆகவே முந்திரியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அதை வைத்து நான் பேரம் பேசியதுதான் பிசகு.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகிற கதை. அடுத்தது அப்படி இல்லை.

மருத்துவரிடம் போய்வந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, சாயங்காலம், டயப்பர் மாற்றுகிற சந்தில் நழுவி ஓடி, மெத்தையின் நடுவில் இருந்துவிட்டான். மூன்று நாளாக வராமல் இருந்தது வந்ததே என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். களைப்போ என்னவோ, “இவ்ளோ பெரிய புள்ள, வெக்கமா இல்ல உனக்கு?” என்று கத்திவிட்டேன். பிள்ளை திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். பாதம் இரண்டு மட்டும் தெரிந்தது.

உள் அறையிலிருந்து மகன் வந்தான். கோபமாகக்கூடப் பேசவில்லை. “அப்பா, அந்த வார்த்தை மட்டும் அவன்கிட்ட வேணாம்ப்பா.” அவ்வளவுதான். மெத்தை விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எனக்குப் புரிந்துவிட்டது.

1990. அப்போது மஞ்சக்குப்பத்தில் குடியிருந்தோம். மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. வாரத்தில் நாலு நாள் பாய் நனைந்திருக்கும். அடித்தால் சரியாகும் என்று இரண்டு தரம் அடித்தேன். ஆகவில்லை. அப்புறம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பின்பக்கம் கொடி இருக்க, ஈரப் பாயைக் கொண்டுபோய் வாசல் சுற்றுச்சுவரின் மேல் போட்டேன். கூடப் படிக்கிற பையன்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போவார்கள். வெட்கப்பட்டால் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். மனைவி இரண்டொரு தரம் எடுத்து உள்ளே போட்டாள். நான் மறுபடி வெளியே போட்டேன். அவன் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டான்.

அதே வருஷம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் ராத்திரி எல்லாரும் வரிசையாகப் படுத்துவிட்டோம். விடியற்காலை மூன்று மணிக்கு நான் எழுந்தபோது, அவன் தூணில் சாய்ந்து கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “ஏன்டா தூங்கல?” என்றேன். “தூக்கம் வரலப்பா” என்றான். மறுநாள் பந்தியில், என் பையன் கல்யாண வீட்டுக்கு ராத்திரி முழுக்கக் காவல் இருந்தான் என்று பெருமையாகச் சொல்லிச் சிரித்தேன். அந்த ஏழு வயதுப் பிள்ளை எதற்குப் பயந்து விழித்திருந்தான் என்பது எனக்கு 29 வருஷம் கழித்து, அந்தத் திரைச்சீலைக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

தூக்கத்தில் போவது பிள்ளையின் பிடிவாதமும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. ஐந்து வயதில்கூட நூற்றுக்குச் சுமார் 15 பிள்ளைகள் படுக்கையை நனைக்கும், பெரும்பாலும் வயது ஏற ஏறத் தானாக நின்றுவிடும். பெற்றோருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதைப் படித்த அன்று என் அக்காவுக்குப் போன் போட்டேன். எண்பதை நெருங்கினாலும் ஞாபகம் கல்வெட்டு. “நீயாடா? மூணாங்கிளாஸ் வரைக்கும் உனக்கு இருந்துச்சே. அம்மா இருட்டோட எழுந்து, உன் பாயைக் கிணத்தடியில அலசி, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால காயப்போட்டுடும். யாரும் அவன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு” என்றாள். அம்மா போய் இருபது வருஷமாகிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மகன்தான் எங்களைச் சிதம்பரம் பஸ் நிலையத்தில் கொண்டுவந்து விட்டான். மனைவி பூ வாங்கப் போன சமயத்தில், “அந்தப் பாயை நான் வாசச் சுவத்துல போட்டிருக்கக்கூடாதுடா” என்றேன். எந்தப் பாய் என்று அவன் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பஸ் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தான். “கடலூர் வண்டி வருதுப்பா, ஏறுங்க. கூட்டம் ஏறிடும்” என்றான். ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாக ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினான். வண்டி கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே நின்றான்.

பேரன் கதையை முடித்துவிடுகிறேன். மூன்று வாரம் நாங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அப்புறம் மனைவி தன் பழைய வழிக்குப் போனாள். காலை பால் குடித்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்து காக்கா கதை சொல்வாள். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிட வேண்டியது. வந்தால் மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற வேலை அவனுடையது. ஊற்றிவிட்டு “டாட்டா” சொல்லுவான். அந்த மக்கு, முந்திரி செய்யாத காரியத்தைச் செய்தது. மருத்துவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். ‘நல்ல பிள்ளை’ என்று சொல்லாமல், ‘நீயே சொல்லிட்டுப் போனியே’ என்று சொல்லச் சொன்னார். அப்படிச் சொன்னால், போகாத அன்றைக்குக் கெட்ட பிள்ளை ஆகிவிட மாட்டான் அல்லவா? எனக்கு முதலில் வாயில் நுழையவில்லை, பழகிக்கொண்டேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது பையில் இரண்டு செட் மாற்றுடை வைத்து அனுப்பினோம். முதல் வாரம் இரண்டும் ஈரமாகத் திரும்பி வந்தன. ஆடி பிறப்பதற்குள் ஒன்றுகூட வரவில்லை. ராத்திரி நனைவது இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. விரிப்பை மாற்றிவிட்டுச் சும்மா இருந்தோம்.

நோட்டில் முந்திரிக் கணக்கு ஏப்ரலோடு நின்றுபோகிறது. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஜூலையில் ஒரு வரி இருக்கிறது. நம் வயதில் ராத்திரி இரண்டு மூன்று தரம் எழுந்து போகவேண்டியிருப்பது உங்களுக்கும் தெரிந்த கதைதான். அப்படி ஒரு நாள் விடிகாலையில் போய்விட்டு வந்தால், பேரன் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “தாத்தா, நீயே போயிட்டியா?” என்றான். போனேன்டா என்றேன். அடுக்களைக்கு ஓடிப்போய் டப்பாவைத் திறந்து ஒன்று எடுத்துவந்து கையில் வைத்தான். ‘மு’ கட்டத்தில் ஒன்று போட்டு, பக்கத்தில் ‘தா’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.