ஐந்து விநாடி

எழுத்தில் செலவாகும் சக்தியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். உழைப்பு, உத்வேகம், தவம், அவஸ்தை என்று அதற்குச் சொற்களும் ஏராளம். செலவான சக்தி எப்படித் திரும்புகிறது என்பதைப் பற்றி நமது விமர்சனத்தில் ஒரு பக்கம்கூடத் தேறாது என்றே நினைக்கிறேன். எழுதாமலிருப்பவனைப் பற்றி இரண்டு தீர்ப்புகள்தாம் நமக்குத் தெரியும். அவன் வற்றிவிட்டான், அல்லது அவனுக்குள் ஏதோ பெரிதாக விளைந்துகொண்டிருக்கிறது. இரண்டும் சோம்பலான தீர்ப்புகள். இந்த விஷயத்தை நம்மைவிட நுணுக்கமாக யோசித்தவர்கள், பலர் ஒரே சமயத்தில் கணினி வழியாகக் கூடி ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் விளையாட்டுகளை அமைத்தவர்கள். புருவத்தை உயர்த்துகிறவர்கள் உயர்த்தட்டும்.

இவ்விளையாட்டுகளில் பாத்திரம் என்பது சில எண்களின் தொகுதி. வலு இத்தனை, அறிவு இத்தனை. இவற்றோடு, எதையும் செய்யும் திறனில் சேராத ஓர் எண்ணும் உண்டு. செய்து முடித்தபின் மறுபடி செய்வதற்கான சக்தி எவ்வளவு சீக்கிரம் திரும்பும் என்பதை மட்டும் அது தீர்மானிக்கும். ஆடுகிறவர்கள் பெரும்பாலும் சட்டைசெய்யாத எண் இதுதான். என்னை ஈர்த்ததும் இதுதான்.

படங்களே இல்லாமல், வாக்கியங்களால் மட்டும் ஆடப்பட்ட விளையாட்டுகள் இருந்தன. அவற்றில் பலவற்றுக்கு அடித்தளமாக இருந்தது 1993இல் வெளியான சர்க்கிள்மட். பிழைப்புக்கு நிரல் எழுதுகிறவன் என்பதால் அதன் மூலநிரலைக் கவிதை வாசிப்பதுபோல நிதானமாக வாசித்திருக்கிறேன். 75 விநாடிக்கு ஒருமுறை பாத்திரத்துக்குச் சக்தி திரும்புகிறது. தூங்கினால் மனத்தின் சக்தி இரண்டு மடங்காகவும் உடலின் சக்தி ஒன்றரை மடங்காகவும் மீள்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் மனத்துக்குக் கால்பங்கு கூடுகிறது. பசியோ தாகமோ இருந்தால் எல்லாமே கால்வாசியாகச் சுருங்கிவிடும்.

இதற்கும் அடியில் வயது இருக்கிறது. உடல் மீள்வதற்கான எண் 45 வயதில் 32, 60இல் 16, 80ஐத் தொட்டால் 4. மனம் மீள்வதற்கான எண் 45இல் 16, 60இல் 12, 80இல் 8. அதாவது உடல் எட்டில் ஒரு பங்காகத் தேயும்போது மனம் பாதியோடு நின்றுகொள்கிறது. எனக்கு வயது 58. அந்தச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன்: உடல் 19, மனம் 13. முதுமையைப் பற்றி நம் மொழியில் வந்துகொண்டிருக்கும் உருக்கமான வரிகள் பலவற்றைவிட இந்த இரண்டு எண்களில் ஸ்தூலமான உண்மை இருப்பதாகப் பட்டது.

பிறகு படங்கள் வந்தன. 1999இல் வந்த எவர்குவெஸ்ட் விளையாட்டின் ஆரம்ப நாட்களில், மந்திரவாதி தன் சக்தியை மீட்க வேண்டுமானால் தரையில் உட்கார்ந்து மந்திரப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் புத்தகம் திரையை அடைத்துக்கொள்ளும். பின்னால் வருவது பகைவனா நண்பனா என்று தெரியாது. மீள்வதற்கு விலை குருடாக இருப்பது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்ட விதி வேறொன்று. 2004இல் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் மந்திரத்துக்கான சக்திக்கு மானா என்று பெயர். அதை மீட்டுத்தரும் எண்ணுக்கு ஸ்பிரிட் என்று பெயர் வைத்தார்கள். ஆன்மா என்று சொல்லலாம். மானாவைச் செலவழித்த கணத்திலிருந்து ஐந்து விநாடிக்கு ஆன்மா வேலைசெய்யாது. ஆறாவது விநாடியில்தான் மீட்பு தொடங்கும். இடையில் மறுபடி எதையாவது செலவழித்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். செலவு பெரிதா சிறிதா என்று விதி பார்ப்பதில்லை. ஒரு சின்ன மந்திரமும் கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விடும்.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். பத்து விநாடி ஒரே துண்டாகச் சும்மா இருந்தால் ஐந்து விநாடிக்கான மீட்பு கிடைக்கும். அதே பத்து விநாடி நடுவில் உடைந்து இரண்டு ஐந்துகளானால் ஒன்றும் கிடையாது. இரண்டிலும் ஓய்வின் மொத்தம் ஒன்றே. ஆகவே மீட்பு ஓய்வின் அளவில் இல்லை, அது உடையாமலிருப்பதில் இருக்கிறது.

அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த இரண்டு வருஷம் நான் ஒரு வரி எழுதவில்லை. நிறைய நேரம் இருந்ததே என்று நண்பர்கள் கேட்டார்கள். இருந்தது. ஒரு நாளில் எட்டு மணி நேரமாவது நான் நாற்காலியில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். அவருக்குப் பேச்சு போய்விட்டதால் கட்டில் சட்டத்தில் டம்ளரால் தட்டுவார். தண்ணீர் வேண்டும், போர்வையை விலக்க வேண்டும், சில சமயம் நான் இருக்கிறேனா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் அரை நிமிஷ வேலை. அதில் களைப்பு என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. அப்படியானால் நான் ஏன் காலியாக இருந்தேன் என்பதை எனக்கே விளக்கிக்கொள்ள அப்போது வழியிருக்கவில்லை. அவர் போனபின், 2019 ஆகஸ்டில், அந்த விளையாட்டைப் பழைய விதிகளோடு மறுபடி வெளியிட்டார்கள். பிறரைக் குணப்படுத்தும் பூசாரிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இரவுகளில் ஆடினேன். அந்த ஐந்து விநாடியை விரல்களால் அறிந்தபோதுதான் டம்ளர் சத்தத்தின் கணிதம் புரிந்தது.

அந்தப் பூசாரியின் தர்மசங்கடமும் கவனிக்க வேண்டியது. நாற்பது பேர் கூடிப் பெரிய சண்டையில் இருக்கும்போது, யாரோ ஒருவனின் உயிர் குறைந்துகொண்டிருப்பதைப் பார்த்தபடி, கை ஓங்காமல் ஐந்து விநாடி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கடைசியில் எல்லோருக்குமே கொடுக்க ஒன்றுமிராது. பார்க்கிறவர்களுக்கு அது அலட்சியமாகத் தெரியும். தியானம் என்றொரு பயிற்சி உண்டு. எவ்வளவு தேறினாலும் செலவின் நடுவே 15 விழுக்காடு மீட்புதான் அது தரும். இன்னொரு உபாயம், மந்திரத்தைத் தொடங்கி, தேவையில்லை என்று தெரிந்ததும் முடிவதற்குள் நிறுத்திவிடுவது. மானா கழிவது மந்திரம் முடியும் கணத்தில்தான். தயாராக எழுந்து நின்றதற்கு மட்டும் கட்டணமில்லை. வாழ்க்கையில் இந்தச் சலுகை கிடையாது. டம்ளர் சத்தத்துக்குப் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாலும் அது செலவுதான்.

போர்வீரனுக்கு வேறு ஏற்பாடு. அவனிடம் இருப்பது சினம். பூஜ்யத்தில் தொடங்கும், அடிக்க அடிக்க, அடிபட அடிபட ஏறும், சண்டை ஓய்ந்தால் வடிந்துவிடும். நம் சிறுபத்திரிகைச் சர்ச்சைகளை நினைத்துக்கொண்டேன். எதிரி பதில் எழுதாத இதழில் நம்மில் சிலருக்குச் சரக்கே இராது.

2010இல் ஐந்து விநாடி விதியை நீக்கினார்கள். 2016இல் ஆன்மா என்ற எண்ணையே எடுத்துவிட்டார்கள். பழைய வடிவத்தில் மட்டும் அது உயிரோடிருக்கிறது. இடைக்காலத்தில் மீட்பு வியாபாரமாகிவிட்டது. 2020இல் வந்த கென்ஷின் இம்பாக்டில் ரெசின் என்ற சக்தி எட்டு நிமிஷத்துக்கு ஒன்றாக ஊறுகிறது. காத்திருக்க மனமில்லாதவன் காசு கொடுத்து நிரப்பிக்கொள்ளலாம். 2024இல் உச்சவரம்பை 160இலிருந்து 200ஆக உயர்த்தினார்கள். வரம்பை எட்டியதும் தானாக ஊறுவது நின்றுவிடும். அதனால் தூங்கி எழுந்தவன் முதலில் நினைப்பது, நிரம்பி வீணாகிறதே என்பது. பழைய பூசாரியின் மானாவும் நிரம்பினால் நிற்கும்தான். ஆனால் நிறைந்து நின்றதற்காக யாரும் பதறியதில்லை. அது நிறைந்திருந்தது, அவ்வளவுதான். புதிய ஏற்பாட்டில் ஓய்வு என்பது தினமும் காலிசெய்ய வேண்டிய பாத்திரம். மாதம் ஒரு கவிதை, வாரம் ஒரு குறிப்பு என்று எழுதுகிறவர்கள் இந்த ஏற்பாட்டுக்குள் போய்விட்டவர்கள் என்று தோன்றுகிறது. அவர்களுடைய வேகத்தை வளமை என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

அடுத்த இதழுக்கு என்ன தருகிறீர்கள் என்று நண்பர்கள் அன்போடு விசாரிக்கிறார்கள். பதில் சொல்வதும் ஒரு சின்ன மந்திரம்தான். அதனால்தான் தாமதமாகச் சொல்கிறேன்.