அழுகைக்கு ஒரு வடிவம்

பெரியவர்களின் துயரத்திற்குத் தமிழில் வடிவங்கள் உண்டு. கையறுநிலை என்றொரு துறை வகுத்தனர் முன்னோர். ஒப்பாரியை ஊர்தோறும் வளர்த்தனர் பெண்கள். குழந்தையின் துயரத்திற்கோ பெரும்பாலும் கிடைப்பவை ஒரு மிட்டாயும் ஒரு பொய்யும்தான். "அப்பா ஊருக்குப் போயிருக்கார்" என்பர். "ஆம்பளப் புள்ள அழலாமா" என்பர்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில், மலையேறச் சென்றோர் 20 பேருக்கு மேல் மாண்டனர். கடமலைக்குண்டில் வாழும் நமக்கு அது அயலூர்ச் செய்தியன்று. தொலைக்காட்சி காட்டிய தீயைப் பிள்ளைகளும் பார்த்தனர். பின்னர் கோடை இரவுகளில் வருசநாட்டு மலைச்சரிவில் தீக்கோடு தெரிந்தபோது, நம் தெருப் பிள்ளைகள் சிலர் "இங்க வருமா?" என்று கேட்டு உறங்க மறுத்தனர். "பேசாமப் படு" என்பது அதற்கு விடையாகாது. தீ எவ்வளவு தொலைவில் எரிகிறது, யார் அணைப்பார்கள் என்று சொல்வதே விடை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தனர். அப்போது பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் பயிற்சியளித்தனர். விளையாட்டு, ஓவியம், கதை ஆகியவையே அவர்கள் கையாண்ட கருவிகள். குழந்தை மீண்டும் மீண்டும் அலையை வரைந்தால் அதைத் தடுக்க வேண்டியதில்லை. அதுவே அதன் ஒப்பாரி. அதேவேளை, நடந்ததைச் சொல்லுமாறு வற்புறுத்துவதும் தகாது.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இறப்பு என்பது திரும்பிவரக்கூடிய பயணம். 'ஊருக்குப் போனார்' என்றால் அது காத்திருக்கும்; வராதபோது, தன் குறும்பால்தான் வரவில்லையோ என மருகும். ஆதலின் இறந்தார் என்பதை எளிய சொற்களில் கூறுதலே நன்று. பள்ளியும் உணவும் உறக்கமும் பழைய நேரத்திற்குத் திரும்புவது பெரும் மருந்து. படுக்கையில் சிறுநீர் கழித்தல், தாயை விட்டகலாமை, கெட்ட கனவு ஆகியவை சில வாரங்களில் தணியும். மாதம் கடந்தும் தணியாவிடில், க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடலாம். அதில் நாணத்திற்கு இடமில்லை.

புறநானூற்றின் 112ஆம் பாடல் பாரி மகளிர் பாடியது. தந்தையையும் குன்றையும் இழந்த அப்பெண்களின் துயர் அவர்தம் சொல்லிலேயே தொகையில் இடம்பெற்றது. கபிலர் அவர்களை உடனழைத்துச் சென்று, அவர்தம் வாழ்வுக்காக மன்னரிடம் இரந்து நின்றார். தம் சொல்லில் துயரைச் சொல்ல ஓரிடமும், கைவிடாது உடன்வரும் ஒரு பெரியவரும் அவர்களுக்கு வாய்த்தனர். நம் பிள்ளைகளுக்கும் வேண்டுவன இவ்விரண்டே.