பெயிண்டுக்கு அடியில்

நான்காவது சுற்றில்தான் ஆரம்பிக்கும். முதல் மூன்று சுற்றும் கார் சொன்ன பேச்சைக் கேட்கும். நான்காவதில், வளைவிலிருந்து வெளியே வந்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், 7,000 ஆர்பிஎம் தாண்டியதும் எஞ்சின் இருமும். இரண்டு இருமல், ஒரு மௌனம், மறுபடி இருமல். தள்ளிக்கொண்டு வந்து நிழலில் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். டாக்டர் அறைக்குள் போனதும் காய்ச்சல் இறங்கிவிடுகிற குழந்தை போல.

இது நடந்தது 2018இல். நான் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு. ஜொகூரில் ஒரு சின்னப் பந்தயத்தடத்தை ஒருநாள் வாடகைக்கு எடுத்திருந்தோம். அதிகாலையில் லாரியில் காரை ஏற்றி, துவாஸ் சோதனைச்சாவடியில் தாள்களை நீட்டி, எல்லை தாண்டிப் போய்ச் சேர்ந்திருந்தோம். வாடகை மாலை ஐந்து மணி வரைதான்.

கார் என்றால் கடையில் வாங்கியது அல்ல, நாங்களே குழாய் வெட்டி வெல்டு வைத்துக் கட்டியது. 1981இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபார்முலா எஸ்ஏஇ என்ற மாணவர் போட்டியின் விதிப்படி. 600 சிசி பைக் எஞ்சின். அது இழுக்கும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகத்தான் போகவேண்டும், நம் 20 காசு நாணயத்தைவிடக் கொஞ்சம் சின்னது. தமிழில் இந்தப் பைத்தியத்துக்கு ஒரு முன்னோர் உண்டு: கோவை கரிவர்தன். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டியவர். நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது அதைத்தான். 1995இல் கரிவர்தன் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்துப் பந்தயத்தடத்துக்கு இன்று அவர் பெயர்.

அவருக்குப் பட்டறை இருந்தது. வீவக வீட்டில் வளர்ந்தவனுக்கு ஒரு ஸ்பேனரைக் கீழே போட்டாலே கீழ்வீட்டு ஆண்ட்டி ஏறி வந்துவிடுவார். சிங்கப்பூரில் ஓட்டிப் பார்க்கவும் இடமில்லை. 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையிலேயே பந்தயம் நடந்தது, சுற்றுக்கு 4.8 கிலோமீட்டர். இன்று பழைய அப்பர் தாம்சன் சாலைக்குப் போனால் குரங்குகள்தான் குறுக்கே ஓடும். மரினா பே இரவுப் பந்தயம் நாம் வேடிக்கை பார்ப்பதற்கு. அதனால் ஜொகூர்.

இருமல் என்றதும் முதலில் பெட்ரோலைச் சந்தேகித்தோம். பம்ப், ஃபில்டர், டேங்க் எல்லாம் பிரித்துப் பூட்டினோம். பிளக் மாற்றினோம். மணி பதினொன்று. பிறகு எல்லோர் கண்ணும் ஒயரிங் பக்கம் திரும்பியது. ஒயரிங் என்றால் ஒரு தம்பி. இரண்டாம் ஆண்டு. சிம் லிம் டவரில் மாடி மாடியாக ஏறி ஒயரும் கனெக்டரும் வாங்கி, அப்புறம் தேக்காவில் தோசை சாப்பிட்டுவிட்டு, மூன்று வாரம் இரவெல்லாம் உட்கார்ந்து பின்னியவன். அவனிடம் நான்தான் கேட்டேன், எல்லோர் முன்னாலும்: "டேய், கிரிம்ப் ஒழுங்காத்தான் அடிச்சியா?"

அவன் பதில் சொல்லவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு கனெக்டராக வெட்டி, புதிதாக அடித்தான். வெயில் என்றால் அப்படியொரு வெயில். விரல் கிழிந்து ரத்தம். டேப்பைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்தான். மீட்டரை வைத்தால் எல்லா ஒயரும் "பீப்" என்றது. காரை அனுப்பினோம். நான்காவது சுற்று. இருமல்.

மணி மூன்றரைக்கு, லேப்டாப்பில் பதிவுகளை உருட்டிக்கொண்டிருந்தவன் சொன்னான்: "அண்ணே, ஃபேன் ஓட ஆரம்பிச்ச பிறகுதான் இருமுது."

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. ரேடியேட்டர் ஃபேன் தண்ணீர் சூடானால்தான் ஓடும், அதற்கு நான்கு சுற்று ஆகிறது. நிறுத்தி வைத்திருக்கும்போதும் ஃபேன் ஓடும், ஆனால் பம்பும் காயிலும் முழுவேகத்தில் இழுக்கிற கரண்ட் அப்போது இல்லை. எல்லாம் சேர்ந்து இழுக்கும்போது கன்ட்ரோல் யூனிட்டுக்குப் போகும் வோல்டேஜ் 13.8இலிருந்து 11க்குக் கீழே விழுந்துகொண்டிருந்தது. பேட்டரியில் குறையவில்லை. போன கரண்ட் திரும்பி வருகிற வழியில் எங்கேயோ அடைப்பு. அதாவது எர்த். "பீப்" சத்தத்துக்கு நூலளவு தொடுதல் போதும், பத்து ஆம்பியருக்குப் போதாது. ஃபேனைப் போட்டு, எஞ்சினை முறுக்கி, எஞ்சின் பிளாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே மீட்டரை வைத்தோம். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 1.2 வோல்ட்.

எங்கள் எஞ்சின் ரப்பர் புஷ்களின் மேல் உட்கார்ந்திருந்தது. அதையும் சட்டத்தையும் இணைப்பது ஒரே ஒரு எர்த் பட்டை. பட்டையின் அந்த முனையைப் பூட்டியது நான். முந்தின வாரம் புகைப்படம் எடுக்க ஆள் வருகிறார்கள் என்று, துரு தெரிந்த இடத்துக்கெல்லாம் கறுப்பு ஸ்ப்ரே அடித்ததும் நான். எர்த் பட்டையைக் கழற்றி, அந்தத் தகட்டிலும் அடித்து, காய்ந்ததும் மேலேயே வைத்து முறுக்கிவிட்டேன். போல்ட்டின் மரை மட்டும்தான் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. முதலாம் ஆண்டு மாணவன்கூடச் செய்யாத வேலை.

காருக்கு அடியில் படுத்து, உப்புத்தாளால் பளபளவென்று இரும்பு தெரியும் வரை தேய்த்துப் பூட்டினேன். ஐந்து நிமிஷ வேலை. வெளியே வந்து சொன்னேன்: "எர்த் லூஸா இருந்துச்சு. இப்ப ஓகே."

லூஸ் இல்லை. நான் பொய் சொன்னேன் என்றுகூட யாரும் சொல்ல முடியாது, அப்படியொரு வசதியான வார்த்தை அது. லூஸ் என்றால் அதிர்வில் தானாகக் கழன்றது, யார் பூட்டினார்கள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். மீதியிருந்த அரைமணி நேரத்தில் கார் 17 சுற்று ஓடியது. எல்லோரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். அந்தத் தம்பி வெட்டிப்போட்ட கனெக்டர்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த செமஸ்டர் அவன் அணியில் இல்லை. படிப்பு அதிகம் என்று மெசேஜ் அனுப்பினான். அது உண்மையாகவும் இருக்கலாம்.

சென்ற தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு சிராங்கூன் சாலையில், அலங்கார விளக்குகளுக்குக் கீழே, கூட்டத்தில் எதிரே வந்தான். ஓரமாக நின்று தே தாரிக் குடித்தோம். வேலை, சம்பளம், யார் யாருக்குக் கல்யாணம். இத்தனை வருஷம் மனதில் ஓட்டிப் பார்த்த வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்து, "அந்த எர்த் இருக்குல்ல..." என்றேன்.

"உப்புத்தாள்ல கறுப்பு ஒட்டியிருந்துச்சுண்ணே," என்றான். "நான்தான குப்பையை அள்ளினேன்."

நான் கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சொல்லியிருக்கணும்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு இரைச்சல்.

அவன் தலையாட்டினான். "சொல்லியிருக்கணும்" என்றான் அவனும். அப்புறம் என் பையைக் காட்டி, சிம் லிம் டவரிலிருந்தா வருகிறீர்கள், மூன்றாம் மாடியில் அந்தக் கனெக்டர் கடை இன்னும் இருக்கிறதா என்று கேட்டான்.