அண்ணன் விட்டுப்போன ரேமும் தங்கையின் புது கம்ப்யூட்டரும்!

பி.ஆர்க் முதலாமாண்டு படிக்கும் மகளுக்கு கம்ப்யூட்டர் வேண்டும். தையல் கடை வைத்திருக்கும் அப்பாவின் கையில் இருந்தது, சீட்டு எடுத்த 45,000 ரூபாய். அதற்கு மேல் போனால், அடுத்த செமஸ்டர் ஃபீஸில்தான் கைவைக்க வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அண்ணன் காலேஜ் படித்தபோது வாங்கியது. மதர்போர்டு போய்விட்டாலும் மானிட்டர், கேபினெட், இரண்டு 8 ஜி.பி ரேம்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. "ரேமைத் தூக்கிப்போட்டுடாதீங்கப்பா, புதுசுல மாட்டிக்கலாம்" என்று ஓசூரில் வேலை பார்க்கும் அண்ணன் போனில் சொல்லியிருந்தான். அதை எடுத்துக்கொண்டு அப்பாவும் மகளும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனார்கள்.

முதல் கடையில், "லேட்டஸ்ட்டா போட்டுத் தர்றேண்ணே" என்று ரைசன் 7000 வரிசை ப்ராசஸருக்கு கொட்டேஷன் போட்டார்கள். தொகை கைக்குள் அடங்கவில்லை.

"எங்ககிட்ட இருக்குற ரேமை மாட்டிக்கிட்டா குறையுமா தம்பி?"

"இது டி.டி.ஆர்-4 அண்ணே. அந்த ப்ராசஸருக்கு டி.டி.ஆர்-5 மட்டும்தான் சேரும்."

அவர் சொன்னது சரிதான். டி.டி.ஆர்-4, டி.டி.ஆர்-5 இரண்டிலும் 288 பின்கள்தான். நீளமும் ஒன்றுதான். ஆனால், அடியில் இருக்கும் சின்ன வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். அழுத்தி மாட்ட நினைத்தால் ஸ்லாட்தான் உடையும்.

ரேமோடு பேசும் கன்ட்ரோலர், இப்போதெல்லாம் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. அதனால், எந்த ரேம் சேரும் என்பதை முதலில் முடிவு செய்வது ப்ராசஸர்தான். அடுத்தது மதர்போர்டு. இன்டெல் 12, 13, 14-வது தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் பலவும் இரண்டு வகை ரேமையும் ஏற்கும். ஆனால், மதர்போர்டு பெரும்பாலும் ஏதாவது ஒன்றுக்குத்தான் இருக்கும். போர்டை மாற்றி வாங்கிவிட்டால், ரேம் மேசையில்தான் கிடக்கும்.

இரண்டாவது கடைக்காரர் பழைய ரேம்களைத் திருப்பிப் பார்த்தார். ஒரே கம்பெனி, இரண்டிலும் 3200 என்று போட்டிருந்தது. "ஜோடியா நல்ல ரேம் வெச்சிருக்கீங்க. எதுக்குப் புதுசு? ரைசன் 5 5600ஜி போட்டுக்கலாம். அது டி.டி.ஆர்-4, 3200 வரைக்கும் எடுக்கும்" என்றார். ஏ.ஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போக, 2025 இறுதியில் ரேம் விலை எகிறிய பிறகு, வீட்டில் இருக்கும் ரேம் காசுக்குச் சமம்.

மகளுக்கு ஒரு தயக்கம். "பழைய மாடல் ஆச்சே அண்ணா, அஞ்சு வருஷம் தாங்குமா?"

கடைக்காரர் மழுப்பவில்லை. "இந்த ஏ.எம்-4 போர்டுல அடுத்த தலைமுறை ப்ராசஸர் மாட்ட முடியாதும்மா. அது வேணும்னா ஏ.எம்-5தான். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப்புக்கு இப்போதைக்கு இது போதும். பெரிய ரெண்டரிங் வந்தா கிராஃபிக்ஸ் கார்டு சேர்த்துக்கலாம்."

அப்பா மகளைப் பார்த்தார். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதையே போடுங்கண்ணா" என்றாள்.

நான்கு ஸ்லாட்டில் இரண்டாவதிலும் நான்காவதிலும் ரேமை மாட்டினார் கடைக்காரர். 'ஏன் பக்கத்துப் பக்கத்தில் மாட்டவில்லை?' என்று அப்பா கேட்க, "ரெண்டும் தனித்தனிப் பாதையில போகணும்ணே. அப்பதான் ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் டேட்டா வரும்" என்றார். "நம்ம டபுள் நீடில் மெஷின் மாதிரி" என்று சட்டென்று பிடித்துக்கொண்டார் அப்பா. 5600ஜி-யில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. படம் காட்டவும் இதே ரேமைத்தான் பயன்படுத்தும். அதனால் ஜோடியாகப் போடுவது இங்கே இன்னும் முக்கியம்.

ஆன் செய்ததும் திரையில் ரேம் வேகம் 2400 என்று காட்டியது. மகள் முகம் மாறியது. "பயப்படாதம்மா" என்ற கடைக்காரர், பயாஸுக்குள் போய் எக்ஸ்.எம்.பி-யை ஆன் செய்தார். 3200 வந்தது. இந்த ஒன்றைச் செய்யாமல், வாங்கிய வேகத்தை வருடக்கணக்கில் பயன்படுத்தாமல் விடுகிறவர்கள் நிறைய.

பழைய ரேம் என்பதால், மெம்டெஸ்ட்86 போட்டு அன்றிரவு முழுக்க ஓடவிடச் சொன்னார். விடியும்வரை ஒரு எரர்கூட வரவில்லை.

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறவர்கள், கொட்டேஷனில் '16 ஜி.பி ரேம்' என்று மட்டும் எழுதியிருந்தால் விட்டுவிடாதீர்கள். டி.டி.ஆர் எத்தனை, வேகம் எவ்வளவு, ஒன்றா இரண்டா என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். ப்ராசஸர் கம்பெனியின் இணையதளத்தில், அந்த மாடல் எந்த ரேமை எந்த வேகம்வரை ஏற்கும் என்று இருக்கும். இரண்டு நிமிட வேலைதான்.

அந்த வீட்டில் மிஞ்சிய காசில் ஒரு யு.பி.எஸ் வந்தது. ஃபீஸ் பணம் அப்படியே இருக்கிறது.